முதலாளி மகனின் மாற்றங்களும் கணக்கப்பிள்ளையின் கொப்பியும்: ஒரு புறக்கோட்டை நிகழ்வு ஆய்வு

2024 ஜனவரி கடைசியில் ஒரு வங்கி அதிகாரி கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் போனதால்தான் இந்த நிறுவனம் என்னிடம் வந்தது. கொழும்பு புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத் தெருவில் அலுவலகம், பேலியகொடையில் அரைக்கும் ஆலை. மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள், கறித்தூள் எல்லாவற்றையும் பைக்கற் போட்டு ஐந்து ரூட்டில் கடைகளுக்கு விற்கிறார்கள். சித்திரைப் புத்தாண்டுச் சரக்கு வாங்குவதற்காக மேலதிகப்பற்று (ஓவர்டிராஃப்ட்) வரம்பைக் கூட்டித் தரும்படி கேட்டிருந்தார்கள். அதிகாரி மூன்று வருட விற்பனைத் தாளைப் பார்த்துவிட்டு, "இதில் விலை ஏறியது எவ்வளவு, வியாபாரம் ஏறியது எவ்வளவு?" என்று கேட்டார்.

வரிக்காக வைத்திருந்த ரூபாய்க் கணக்கு சுத்தமாக இருந்தது. மற்றதெல்லாம் துண்டு துண்டு. ஒரு வருடம் ரூபாய் விற்பனையை மட்டும் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் ஆறு மாதம் 'இயங்கும் கடைகள்' என்ற எண்ணிக்கை. அதற்குப் பிறகு ஒரு பில்லில் எத்தனை வகைச் சரக்கு போகிறது என்ற கணக்கு. கடைசி ஐந்து மாதம் எல்லாவற்றையும் கலந்து நூற்றுக்குப் போட்ட ஒரு புள்ளி. ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்தில் ஏறுமுகமாகத்தான் இருந்தது. ஆனால் ஜனவரிச் சம்பளத்துக்குக் கையில் காசு தட்டுப்பாடு.

குடும்பத்தாரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆட்களையும் கடையையும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர்களுடைய எண்களைப் பெரும்பாலும் விகிதமாகத்தான் தந்திருக்கிறேன். நாட்டின் எண்கள் நாட்டின் எண்களே.

கொப்பி எப்படி வந்தது

நிறுவனத்தைத் தொடங்கிய ஐயா யாழ்ப்பாணத் தீவுப் பக்கத்தவர். 1983 ஜூலைக் கலவரத்தில் அவருடைய முதல் கடை எரிந்தது. சரக்கு போனதைவிடப் பற்றுக்கொப்பி எரிந்ததுதான் தன்னை விழுத்தியது என்று என்னிடம் சொன்னார். யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதில் நினைவில் நின்றதைத்தான் கேட்டு வாங்க முடிந்தது. நினைவில் இல்லாதது போனது போனதுதான். மறுபடி கடை திறந்த நாளிலிருந்து ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டார். மாலையில் கதவு பூட்டுமுன் அன்றைய முக்கியமான எண்களை ஒரு சீஆர் கொப்பியில் (தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பி) எழுதி, அதைக் கொட்டாஞ்சேனை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். அலுவலகத்துக்கு என்ன நடந்தாலும் கொப்பி வீட்டில் இருக்கும்.

கடந்த 27 வருடமாக அதை எழுதுபவர் கணக்கப்பிள்ளை. ஹட்டன் பக்கத்திலிருந்து இளவயதில் வந்தவர். நிரல்கள் ஆறு: வெளியே போன கிலோ, உள்ளே வந்த காசு, வந்த காசோலைகளும் அவற்றின் தேதியும், திரும்பிய காசோலை, கடைக்காரர் தர வேண்டிய மொத்தம், ஆலையில் இருக்கும் மூலச்சரக்கு. ஓரத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு ஒரு சின்ன இடம். அதில் அன்றைக்கு என்ன நடந்தது என்று இரண்டு, மூன்று சொல்: 'போயா' (பௌர்ணமி விடுமுறை), 'கடை அரை நாள்', 'நாட்டாமி குறைவு' (மூட்டை தூக்குபவர்கள்), 'ஊரடங்கு'. 2022 ஜூலைப் பக்கங்களைத் திருப்பினால் இரண்டு வாரம் தொடர்ந்து 'டீசல் இல்லை' என்றே இருக்கிறது. அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் விற்கக் கூடாது என்று நாடே நின்ற நாட்கள் அவை. கிலோ நிரலில் அந்த நாட்களில் பூச்சியம் போடாமல் ஒரு சிறு கோடு போட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "விக்காம போறதும் விக்க முடியாம போறதும் வேற தானே தம்பி" என்றார்.

மகன் பொறுப்பேற்ற பிறகு

மகன் வெளிநாட்டில் எம்பிஏ படித்துவிட்டு வந்து 2021இல் பொறுப்பை எடுத்தார். சுறுசுறுப்பான ஆள், கெட்டிக்காரர். அவரை முதலில் நியாயமாக அளந்துவிட வேண்டும், ஏனென்றால் 2022இல் அவர் இல்லாவிட்டால் இந்த நிறுவனம் இன்று இல்லை.

200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் மார்ச் மாதத்தில் கட்டுப்பாடு விடப்பட்டதும் மே மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. இந்தியாவிலிருந்து வரும் காய்ந்த மிளகாயின் விலைப்பட்டியலை வாரத்துக்கு இரண்டு தடவை மாற்ற வேண்டியிருந்தது. ஆகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. அடுத்த பெப்ரவரியில் மேலும் 66 வீதம். அரைக்கும் ஆலைக்கு மின்சாரம் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருடத்தில் 69.8 வீதம் ஏறியிருந்தது, உணவு மட்டும் 94.9 வீதம். இந்தச் சூழலில் மகன் 100 கிராம் பைக்கற்றை 50, 25 கிராம்களாகச் சிறிதாக்கினார். கடன் நாட்களைப் பாதியாகக் குறைத்தார். இரண்டு ரூட்டை ஒன்றாக்கி டீசலை மிச்சம் பிடித்தார். எல்லாம் ஒரே மாதத்துக்குள். யாரையும் கேட்டு, அளந்து, பொறுத்துச் செய்ய நேரம் இருக்கவில்லை. செய்தது சரி.

சிக்கல் அதற்குப் பிறகுதான். நெருக்கடியில் கைகொடுத்த வேகம் அவருக்குப் பழக்கமாகிவிட்டது. 2023இல் நாடு ஓரளவு மூச்சுவிடத் தொடங்கியும் அவருடைய வேகம் குறையவில்லை. ரூட்டுகளைப் பிரித்தார், சேர்த்தார், மறுபடி பிரித்தார். விற்பனைப் பிரதிநிதிகளான ரெப்மாருக்குப் போனில் ஆப் வந்தது. கமிஷன் விற்பனைக்கு என்றிருந்தது வசூலுக்கு என்றாகி, பிறகு புதுக்கடை பிடிப்பதற்கு என்றானது. சூப்பர்மார்க்கெட்டுக்குச் சரக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். என்னிடம் அவர் மனம் திறந்து சொன்னார்: "அண்ணை, அந்த வருசம் ஒரு கிழமை சும்மா இருந்திருந்தால் நாங்கள் இல்லை. அதுக்குப் பிறகு சும்மா இருக்கவே பயமாய்க் கிடக்கு." இந்த ஆய்வில் நான் கேட்டவற்றில் மிக உண்மையான வார்த்தை அது. மாற்ற வேண்டும் என்ற அந்தத் துடிப்புக்குப் பின்னால் பயம் இருந்தது, அனுபவம் தந்த பயம். அதை மேட்டிமை என்றோ விளையாட்டு என்றோ எடுத்துக்கொண்டு பேசப் போனவர்கள் எல்லோரும் தோற்றுத்தான் திரும்பியிருக்கிறார்கள், ஐயா உட்பட.

ஆனால் வேலையை மாற்றும்போதெல்லாம் அளவையும் சேர்த்து மாற்றினார். கடை எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்று திட்டம் போட்டால் கடை எண்ணிக்கைதான் அளவு. அந்த எண்ணிக்கை நின்றுபோனால் 'இயங்கும் கடை' என்பதன் அர்த்தம் மாறும்: மாதத்தில் ஒரு தடவையாவது வாங்கிய கடை என்றிருந்தது, 90 நாளில் ஒரு தடவை வாங்கிய கடை என்றானது. ஒரே இரவில் எண் ஏறிவிடும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. புதுத் திட்டத்துக்குப் புது அளவு பொருத்தம் என்று அவர் மனதார நம்பினார். விளைவு என்னவோ ஒன்றுதான். எந்த மாற்றம் பலித்தது, எது பலிக்கவில்லை என்று சொல்ல யாராலும் முடியவில்லை.

36 மாதத்தைத் திருப்பி எழுதினோம்

கொப்பிகளை எடுத்துக்கொண்டு, கணக்குப் பிரிவுப் பிள்ளைகள் இருவரும் நானும் பதினொரு நாள் இருந்து 36 மாதத்தையும் எக்செல்லில் ஏற்றினோம். கிலோவை வேலை நாளால் வகுத்தோம். வெசாக் வரும் மே மாதத்தையும் விடுமுறை குறைந்த ஒகஸ்டையும் மாதக் கணக்கில் ஒப்பிட்டால் பிழைதான் வரும். நோன்பு மாதத்தைத் தனியே குறித்தோம். இந்த வியாபாரத்தில் அது பெரிய விஷயம். 2023இல் நோன்பு மார்ச் கடைசி வாரத்தில் தொடங்கியது, 2024இல் மார்ச் 12 அளவில். கடைக்காரர் அதற்கு முன்பே சரக்கை நிரப்பிவிடுவதால், வருடத்துக்குப் பதினொரு நாள் முன்னே நகரும் இந்த மாதம் மார்ச்சை மார்ச்சோடு ஒப்பிடுபவரை ஒவ்வொரு வருடமும் ஏமாற்றும்.

கோடு வரைந்ததும் அறை அமைதியாகிவிட்டது. ரூபாய் விற்பனை இரண்டு வருடத்தில் ஏறத்தாழ இரட்டித்திருந்தது. கிலோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மகன் நீண்ட நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அங்கிள், இது உங்களுக்குத் தெரியுமா?" என்று கணக்கப்பிள்ளையைக் கேட்டார். அவர், "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் தம்பி" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். சபையில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்புறம் மாற்றங்களை ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தோம். 2023இல் மட்டும் பெரிய மாற்றங்கள் ஏழு. அவற்றில் இரண்டைப் பற்றித்தான் ஓரளவாவது தீர்ப்புச் சொல்ல முடிந்தது. நீர்கொழும்பு ரூட்டைப் பிரித்ததும் நோன்புக்கான கொள்முதலும் ஒரே வாரத்தில் வந்ததால் எது எதால் என்று பிரிக்க முடியவில்லை. தள்ளுபடியும் புதுக் கமிஷனும் ஒரே திங்கட்கிழமை தொடங்கியிருந்தன. புதுக்கடைக்குக் கமிஷன் என்றதும் ரெப்மார் வத்தளையிலும் ஜா-எலவிலும் சந்துச் சந்தாய்ப் போய் ஒரு கடைக்கு ஒரு பெட்டி இறக்கியிருக்கிறார்கள். அந்தக் கடைகளில் பாதிக்கு மேல் இரண்டாவது பெட்டி வாங்கவே இல்லை. ரெப்மாரில் பிழை சொல்ல மாட்டேன். எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதைத்தான் செய்வார்கள்.

திங்கட்கிழமைக் கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன கிழமை எந்த ரூட் விழுந்ததோ அந்த ரூட்டில் ஏதாவது மாற்றுவது அங்கே வழக்கமாகியிருந்தது. ஆனால் கிழமைக்குக் கிழமை கிலோ ஏறி இறங்குவது இந்த வியாபாரத்தின் இயல்பு. மழை, சம்பள நாள், ஒரு பெரிய கடைக்காரர் ஊருக்குப் போனது. இயல்பான ஆட்டம் எது, உண்மையாகவே ஏதோ நடந்திருக்கிறது என்பது எது என்று பிரிக்க 1924இலேயே அமெரிக்கத் தரக்கட்டுப்பாட்டு நிபுணர் வால்டர் ஷூஹார்ட் ஒரு வரைபடம் தந்துவிட்டார். அவருக்குப் பின் வந்த டெமிங் ஒரு புனலும் கோலியும் வைத்து இன்னொன்றைக் காட்டினார். குறியை நோக்கிப் புனல் வழியே கோலியை விடுகிறீர்கள். கோலி சற்றுத் தள்ளி நிற்கிறது. அந்தப் பிழையை ஈடுசெய்யப் புனலை அதே அளவு மறுபக்கம் நகர்த்தி மறுபடி விடுகிறீர்கள். இப்படி ஒவ்வொரு தடவையும் திருத்திக்கொண்டே போனால் கோலிகள் குறியை நெருங்காது, புனலைத் தொடாமல் விட்டிருந்தால் சிதறியிருப்பதைவிட அதிகமாய்ச் சிதறும். மகனிடம் இதை மேசையில் ஒரு புனலும் பயறும் வைத்துச் செய்து காட்டினேன். மூன்றாவது தடவையிலேயே, "இது எங்கட திங்கட்கிழமை" என்றார்.

அதேநேரம் கொப்பியும் எல்லாவற்றையும் காட்டவில்லை. இதை ஐயாவிடம் சொல்வதுதான் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. கொப்பியில் திரும்பி வந்த சரக்குக்கு நிரல் இல்லை. தெருக்கடை வியாபாரத்தில் அது தேவைப்படவில்லை. கடைக்காரர் வாங்கினால் வாங்கியதுதான். சூப்பர்மார்க்கெட் அப்படி இல்லை. தேதி கிட்டியதும், உறை கசங்கியதும் பெட்டி பெட்டியாய்த் திரும்பி வரும், பணம் வர இரண்டு மாதத்துக்கு மேல். கொப்பி அதை வெளியே போன கிலோவாக மட்டும் எழுதிக்கொண்டிருந்தது. ஆகவே ஐந்தில் ஒன்று குறைந்தது என்ற கணக்கே நல்ல பக்கம் பார்த்த கணக்கு. உண்மைக் குறைவு அதைவிடக் கூட. திரும்பிய சரக்கைக் காரணத்தோடு பதிந்து வைத்திருந்தது எது தெரியுமா? மகன் கொண்டுவந்த ஆப். அதை ஐயா ஒரு வருடமாக வீண்செலவு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

செய்துகொண்ட ஏற்பாடு

2024 ஏப்ரல் 1இல் புது நிதியாண்டு தொடங்கியபோது தகப்பனும் மகனும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். கொப்பியின் ஆறு நிரலும் ஏழாவதாகத் திரும்பிய கிலோவும் 2026 மார்ச் 31 வரை மாறக் கூடாது என்பது உடன்பாடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் விளக்கம். 'வெளியே போன கிலோ' என்றால் ஆலைக் கேற்றைத் தாண்டிய கிலோ, ஓடர் எடுத்த கிலோ அல்ல. இந்த ஏழையும் யாரும் திருத்த முடியாது, மகனும்தான்.

வேலையை மாற்றுவதற்குத் தடை இல்லை. அதைக் கட்டினால் அவர் மூச்சு முட்டிப் போவார், நிறுவனமும் 2022க்கு முந்தைய நிறுவனமாகிவிடும். ஆனால் மாற்றம் தொடங்கும் முன் கொப்பியின் பின்பக்கத்தில் எழுத வேண்டும்: ஏழில் எந்த எண் அசையும், எந்தப் பக்கம், எப்போதைக்குள். அது முதலில் ஒரு ரூட்டில் மட்டும் நடக்கும். மற்ற நான்கு ரூட்டும் ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே இருக்கும். ஒரு ரூட்டில் ஒரே நேரத்தில் ஒரு மாற்றம்தான். திங்கட்கிழமை எண்களை வாசிப்பதோடு சரி, முடிவு மாதத்துக்கு ஒரு தடவை. நாணயமோ வரியோ திடீரென்று ஆடினால் இந்த விதிகள் எல்லாம் தற்காலிகமாக ஒதுங்கும். எழுதிவிட்டு உடனே செய்யலாம். 2024 ஜனவரி 1இல் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 18 வீதமானதுபோல ஒன்று வந்தால் மாதக் கூட்டத்துக்குக் காத்திருக்க முடியாது.

புது அளவு ஒன்று வேண்டுமென்றால் கொண்டுவரலாம். ஆனால் பழைய ஏழின் பக்கத்தில் ஒரு வருடம் சேர்ந்து ஓட வேண்டும். நோன்பு, சித்திரை, வெசாக், தீபாவளி, நத்தார் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்க்காத அளவை வைத்து இந்த ஊரில் வியாபார முடிவு எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். மூன்று மாதம் போதும் என்று மகன் வாதாடினார். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

வங்கிக்கு இந்தத் தாளையும் 36 மாதக் கிலோக் கோட்டையும் கொடுத்தோம். கேட்டதில் ஒரு பகுதி வரம்பு கிடைத்தது. கோடு கீழேதான் போயிருந்தது. ஆனாலும் அதிகாரிக்குப் பேச ஏதோ ஒன்று கையில் இருந்தது.

அதற்குப் பிறகு

முதல் சோதனை ஓகஸ்ட்டிலேயே வந்தது. லொறி ஓடும் ஒரு கிலோமீற்றருக்கு எவ்வளவு மிச்சம் என்பதே சரியான அளவு, மற்ற ஏழும் பழசு என்று மகன் சொன்னார். எண்ணம் நல்ல எண்ணம். பக்கத்தில் ஓடவிட்டோம். முதல் நான்கு மாதம் அவர் சொன்னதுபோலவே கண்டி வீதி ரூட்டை அது கீழே காட்டியது. அன்றே முடிவெடுத்திருந்தால் அந்த ரூட்டை மூடியிருப்பார்கள். நத்தாரும் நோன்பும் சித்திரையும் வந்து போனபோது அதே ரூட் மேலே வந்தது. அந்தப் பக்கத்துக் கடைகள் சீசனுக்கு மொத்தமாய் வாங்கும், இடையில் குறைவு. அந்த அளவு இப்போதும் இருக்கிறது, ஆனால் எட்டாவதாக.

சூப்பர்மார்க்கெட்டில் அவர்கள் 25 கிராம் பைக்கற் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். திரும்பியதில் பெரும்பகுதி அதுதான். 250 கிராம் தொடர்கிறது. கிலோ மெல்ல ஏறுகிறது. 2022 தொடக்கத்தில் இருந்த இடத்துக்கு இன்னும் போகவில்லை, அதை மறைக்க எதுவும் இல்லை.

பின்பக்கத்தில் இதுவரை ஒன்பது மாற்றம் எழுதப்பட்டிருக்கிறது. முன்பு ஒரு வருடத்தில் ஏழு நடந்த இடத்தில் இப்போது 18 மாதத்தில் ஒன்பது. குறைந்தது கொஞ்சம்தான். நான்கு பலித்தது. மூன்று பலிக்கவில்லை. இரண்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பலிக்காத மூன்றில் ஒன்று மகனுக்கு மிகப் பிரியமானது: விடியற்காலை நான்கு மணிக்கே சரக்கை இறக்கிவிடும் திட்டம். கொழும்பு நெரிசலுக்கு முன் லொறி திரும்பிவிடும் என்பது கணக்கு. ஆனால் கடைக்காரர் அந்த நேரத்தில் பழைய பாக்கியைத் தருவதில்லை. கல்லாவில் காசு இருப்பது மாலையில்தான். கிலோ அசையவில்லை, தர வேண்டிய மொத்தம் ஏறியது. மாதக் கூட்டத்தில் யாரும் வாய் திறக்கும் முன் மகன் கொப்பியைத் தன் பக்கம் இழுத்து, தான் எழுதிய வரிக்கு நேரே 'இல்லை' என்று எழுதித் தேதி போட்டார். பிறகு கொப்பியை மூடாமல் அடுத்த வரியில் இன்னொரு மாற்றம் எழுதத் தொடங்கினார்.

ஏழாவது நிரலுக்கு அச்சடித்த கொப்பி எதுவும் கிடைக்காததால் கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பக்கத்திலும் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டுக்கொள்கிறார். அடுத்த வருடம் ஊருக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். கணக்குப் பிரிவுப் பிள்ளைகளில் ஒருவர் இப்போது மாலையில் அவருக்குப் பக்கத்தில் இருந்து எழுதிப் பழகுகிறார். சிவப்புக் கோட்டுக்கு வெளியே எதை எழுதுவது, எதை விடுவது என்பதுதான் அந்தப் பிள்ளைக்கு இன்னும் பிடிபடவில்லை. போன தடவை நான் போனபோது, மழைக்குப் பேலியகொடைப் பாதையில் தண்ணீர் நின்று லொறி இரண்டு மணித்தியாலம் தாமதமான நாளுக்கு வெறும் 'மழை' என்று எழுதியிருந்தார். கணக்கப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "எத்தனை மணிக்கு லொறி வெளிய போச்சுன்னும் எழுதும்மா" என்றார்.